கருவியைக் கட்டிக் கொடுப்பதா, கட்டுகிறவருக்குக் கை கொடுப்பதா? வானியல் குழுவின் முன்னால் நான்கு வழிகள்

ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையில் சின்ன வானியல் குழு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேராசிரியர்கள், ஐந்தாறு ஆய்வு மாணவர்கள். திட்ட நிதியில் ஒரு மென்பொருள் ஆளுக்கு இரண்டு வருடச் சம்பளமும் ஒரு நடுத்தர சர்வரும் கிடைத்திருக்கிறது. மெய்நிகர் வானாய்வகத்தின் தரவுகளை வைத்து ஆராய்ச்சி செய்ய அவர்களுக்குக் கருவிகள் வேண்டும். பணத்தை எதில் போடுவது? வானியல் குழுக்களோடு உட்கார்ந்து நிரல் எழுதுவதுதான் என் வேலை என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். கேட்க வருகிறவர்களில் பலர் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: "நமக்கென்று ஒரு போர்ட்டல் கட்டிவிடலாம்." பொத்தானை அழுத்தித் தரவும் வரைபடமும் பெறுகிற சொந்த வலைத்தளம் என்று பொருள். அதை முடிவு செய்வதற்கு முன்னால் மற்ற மூன்று வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

மெய்நிகர் வானாய்வகத்துக்குக் கட்டடமோ தொலைநோக்கியோ கிடையாது. உலகத்தில் உள்ள வானியல் தரவு மையங்கள் ஒரே முறையில் கேள்வியை வாங்கி ஒரே முறையில் பதில் தர ஒப்புக்கொண்டிருக்கும் ஏற்பாடு அது. 2002 ஜூனில் உருவான ஐவிஓஏ என்ற பன்னாட்டுக் கூட்டணி இதற்கான விதிகளை எழுதுகிறது. அட்டவணைகளைப் பரிமாறிக்கொள்ள விஓடேபிள், வானில் ஒரு புள்ளியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்கக் கோன் சர்ச், பெரிய அட்டவணைகளில் சிக்கலான கேள்விகள் கேட்க டேப் என்று வரிசையாக வந்தன. டேப் 2010-இல் தரநிலையானது. அதில் கேள்வி எழுதும் மொழி ஏடிக்யூஎல்; தரவுத்தளங்களின் பொதுவான கேள்வி மொழி எஸ்க்யூஎல் தெரிந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் பிடிபடும். இந்தியாவும் தொடக்க வருடங்களிலேயே இதில் சேர்ந்தது. புனேயின் ஐயூகா வானியல் மையமும் பெர்சிஸ்டன்ட் சிஸ்டம்ஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்திய விஓ இந்தியா திட்டத்திலிருந்து வந்த வரைபடக் கருவி விஓபிளாட்டைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

நான்கு வழிகளையும் ஒரே வேலையை வைத்து ஒப்பிடுவது நல்லது. கார்த்திகைக் கூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். வெறும் கண்ணுக்கு ஆறேழு விண்மீன்கள் தெரியும். உண்மையில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அதே திசையில் முன்னாலும் பின்னாலும், கூட்டத்தோடு சம்பந்தமே இல்லாத விண்மீன்கள் பத்தாயிரக் கணக்கில் கிடக்கின்றன. கூட்டத்தைச் சேர்ந்தவை எவை என்று பிரிக்க வேண்டும். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் கையா விண்கலத்திலிருந்து 2022 ஜூன் 13 அன்று வெளியான மூன்றாவது தரவுத் தொகுப்பில் சுமார் 180 கோடி வானப் பொருள்கள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு, தூரத்தைக் கணக்கிட உதவும் இடமாறு கோணமும் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரிகிற அளவு), வானில் வருடத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்ற சுய நகர்வு அளவும் இருக்கின்றன. கார்த்திகையின் விண்மீன்கள் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக நகர்பவை: கிழக்கே வருடத்துக்கு ஏறக்குறைய 20, தெற்கே 45 மில்லி ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட் ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு; மில்லி என்றால் அதிலும் ஆயிரத்தில் ஒன்று). இடமாறு கோணம் 7.4 மில்லி ஆர்க்செகண்டுக்குப் பக்கம், அதாவது சுமார் 440 ஒளியாண்டு தூரம். பிரிக்கத் தேவையான தகவல் இவ்வளவுதான்.

இருப்பதை வைத்துக்கொள்வது

முதல் வழியில் எதையும் கட்ட வேண்டாம். டாப்கேட் என்ற அட்டவணைக் கருவியைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பராமரிக்கிறார்கள். அலாடின் என்ற வான்படக் கருவியை ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையத்தில். இரண்டும் இலவசம், ஜாவா ஓடுகிற பழைய லேப்டாப் போதும். டாப்கேட்டில் டேப் சாளரத்தைத் திறந்து கையா சேவையைத் தேர்ந்தெடுங்கள். கார்த்திகையின் மையத்திலிருந்து இரண்டு டிகிரிக்குள், இடமாறு கோணம் 6.5-க்கும் 8.5-க்கும் நடுவில் இருப்பவற்றைக் கேளுங்கள். பதில் வந்ததும் சுய நகர்வின் இரண்டு கூறுகளையும் இரண்டு அச்சுகளில் வைத்து வரைபடம் போட்டால், சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கு நடுவே 20, −45 என்ற இடத்தில் ஒரு கொத்து தனியாகத் தெரியும். மவுஸால் அதைச் சுற்றி ஒரு கோடு இழுத்தால் தனி உட்தொகுப்பு தயார். அதே புள்ளிகளை நிறம், ஒளிர்வு வரைபடத்துக்கு மாற்றினால் பெரும்பாலான விண்மீன்கள் வரிசையாக அமையும் முதன்மைத் தொடர் மெல்லிய கோடாக வந்து விழும். சாம்ப் என்ற இணைப்பு வழியாக உட்தொகுப்பை அலாடினுக்கு அனுப்பினால் உண்மையான வான்படத்தின் மேல் அதே விண்மீன்களுக்கு அடையாளம் விழும். அலாடினில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் டாப்கேட்டில் அதற்குரிய வரி ஒளிரும்.

ஒரு நிரல் வரிகூட எழுதாமல் அரை மணி நேரத்தில் இவ்வளவும் முடிந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த மாணவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. இடமாறு கோணம், சுய நகர்வு எல்லாம் பாடப்புத்தகத்தில் வெறும் சொற்களாக இருந்தவை. அந்தக் கொத்து திரையில் தெரிகிற நொடியில் அவற்றுக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. பல வருடம் ஆராய்ச்சி செய்தவர்களும் புதுத் தரவு வந்தால் முதலில் டாப்கேட்டில்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

குறை எங்கே என்றால், மவுஸால் இழுத்த அந்தக் கோட்டில்தான். ஆறு மாதம் கழித்துக் கட்டுரையைப் பரிசீலிக்கிறவர் "எந்த எல்லைக்குள் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்பார். கையால் இழுத்த கோட்டை யாரும் திரும்ப அப்படியே இழுக்க முடியாது. டாப்கேட்டின் கூடப்பிறந்த ஸ்டில்ட்ஸ் கட்டளைவரிக் கருவி இதற்குப் பாதி மருந்து: வரைபடச் சாளரத்திலிருந்தே அதற்கான ஸ்டில்ட்ஸ் கட்டளையை எடுத்துச் சேமித்துக்கொள்ளலாம். ஆனால் இதே வேலையை முந்நூறு விண்மீன் கூட்டங்களுக்குச் செய்ய வேண்டும் என்று வந்துவிட்டால் மவுஸ் போதாது.

பைத்தானில் தாங்களே எழுதிக்கொள்வது

இரண்டாவது வழியில் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கருவிகளைத் தாங்களே பைத்தானில் எழுதுகிறார்கள். மென்பொருள் ஆள் கூட இருந்து உதவுகிறார். 2011-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோபை திட்டம் அளவுகள், ஆயங்கள் (வானில் இடத்தைச் சொல்லும் எண்கள்), நேரம், அட்டவணை எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டுவிட்டது. மெய்நிகர் வானாய்வகச் சேவைகளோடு பேசப் பைவிஓ இருக்கிறது. ஒவ்வொரு தரவு மையத்துக்கும் தனித்தனியாக எழுதப்பட்ட பகுதிகளின் தொகுப்பாக ஆஸ்ட்ரோகுவெரி இருக்கிறது. கார்த்திகை வேலையை இருபது, இருபத்தைந்து வரிகளில் எழுதிவிடலாம்: டேப் சேவையின் முகவரி, ஏடிக்யூஎல் கேள்வி, தேர்வு எல்லைகள், இரண்டு வரைபடங்கள். எல்லைகள் எண்களாக நிரலில் இருப்பதால் பரிசீலிக்கிறவருக்குப் பதில் சொல்லலாம். முந்நூறு கூட்டங்களுக்கு வேண்டுமா, மையங்களின் பட்டியலைக் கொடுத்து ஒரு சுற்று விட்டால் போதும்.

என் வாக்கு இந்த வழிக்குத்தான். ஆனால் "பைத்தான் கற்றுக்கொடுத்துவிட்டோம், இனி அவர்கள் பாடு" என்று விட்டுவிடுகிற குழுக்களுக்கு இது வேலை செய்வதில்லை. தவறு நடக்கிற இடங்கள் நிரலிலும் இருக்கின்றன, வானியலிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில்தான் அதிகம். மூன்றைக் காட்டுகிறேன்.

கையா தரவு மையத்தில் உடனடிப் பதில் கேட்கிற முறையில் அதிகபட்சம் 2000 வரிகள்தான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் வேலையைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளும் முறையில் கேட்க வேண்டும். பதில் வெட்டப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு விஓடேபிளுக்குள் வரும், பைவிஓவும் ஓர் எச்சரிக்கையை அச்சிடும். ஆனால் முந்நூறு கூட்டங்களுக்கு ஓடுகிற சுற்றில், மற்ற நூறு வரிகளுக்கு நடுவில் அந்த எச்சரிக்கையை யார் படிக்கப்போகிறார்கள்? சர்வர் தன் சேமிப்பு வரிசையில் முதலில் அகப்பட்டதைத் தருகிறது. கையாவின் அடையாள எண்ணே வானின் பகுதியை வைத்துக் கட்டப்பட்டிருப்பதால் அந்த 2000 விண்மீன்கள் வட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் குவிந்திருக்கவும் கூடும். அப்போது வரைபடத்தில் கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரியும். அதைப் பார்த்து இயற்பியல் காரணம் தேடத் தொடங்கிவிடுவார்கள். வரி எண்ணிக்கை சரியாக 2000 என்றால் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று ஒரு சோதனையைச் சேர்ப்பது மென்பொருள் ஆளின் வேலை.

இரண்டாவது, இரு தொகுப்புகளைப் பொருத்துவது. கையாவின் மூன்றாவது தொகுப்பில் விண்மீன்களின் இடங்கள் 2016-க்கு உரியவை. அகச்சிவப்பில் வானம் முழுவதையும் அளந்த டூமாஸ் 1997 முதல் 2001 வரை எடுத்தது. கார்த்திகையின் விண்மீன்கள் வருடத்துக்கு ஏறக்குறைய 49 மில்லி ஆர்க்செகண்ட் நகர்கின்றன. 17 வருடத்தில் 0.8 ஆர்க்செகண்டுக்கும் கொஞ்சம் மேல். இரண்டு தொகுப்பையும் அரை ஆர்க்செகண்ட் ஆரத்தில் பொருத்தினால் பின்னணி விண்மீன்கள் அழகாகப் பொருந்தும்; கூட்டத்தின் உறுப்பினர்கள் மட்டும் மொத்தமாக விடுபட்டுப்போவார்கள். எதைத் தேடுகிறோமோ அதுதான் வலையிலிருந்து நழுவுகிறது. நல்ல நிரலாளருக்கு இது தோன்றாது. நல்ல வானியலாளருக்கு உடனே தோன்றும். கையாவின் இடங்களைச் சுய நகர்வை வைத்துப் பழைய வருடத்துக்குக் கொண்டுபோய்ப் பிறகு பொருத்த வேண்டும். ஆஸ்ட்ரோபையில் அதற்கு வழி இருக்கிறது. அதை ஒரு சின்ன செயல்கூறாக எழுதி, சோதனையோடு, குழுவில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைப்பது மறுபடியும் மென்பொருள் ஆளின் வேலை.

மூன்றாவது, காலம் செய்கிற சேதம். ஆஸ்ட்ரோகுவெரியில், சிம்பாட் என்ற வானப் பொருள் தரவுத்தளத்துக்கான பகுதி 2024-இல் டேப் வழியாகப் பேசும்படி திருத்தி எழுதப்பட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் முன்பு மணி, நிமிடம், நொடி என்று எழுத்தாக வந்த ஆயம் இப்போது டிகிரியில் எண்ணாக வருகிறது. நெடுவரிசைப் பெயர்களும் மாறிவிட்டன. பழைய நிரல்கள் பலவும் அப்படியே ஓடாது. முடிந்தவரை தரநிலையோடு பேசுகிற பைவிஓவை வைத்து எழுதுங்கள், தனித்தனி மையங்களுக்கான பகுதிகளை வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் தொடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரு டேப் சேவைக்கு எழுதிய நிரலில் முகவரியையும் அட்டவணைப் பெயரையும் மாற்றினால் பெரும்பாலும் இன்னொரு சேவைக்கும் ஓடுகிறது.

பைவிஓவின் கதையும் இங்கே பொருந்தும். அமெரிக்காவின் மெய்நிகர் வானாய்வகத் திட்டம் உருவாக்கிய நூலகம் அது. திட்டம் 2014-இல் முடிந்தது. நூலகம் மட்டும் ஆஸ்ட்ரோபை சமூகத்தின் கைக்குப் போய் இன்றுவரை உயிரோடு இருக்கிறது, அன்றாட வேலைக்கு அதைப் பயன்படுத்துகிறவர்களே அதைத் திருத்திக்கொள்வதால்.

தரவின் பக்கத்தில் போய் உட்காருவது

மூன்றாவது வழி அறிவியல் தளங்கள். தரவைக் கீழே இறக்காமல், தரவு இருக்கிற இடத்திலேயே பிரவுசரிலேயே நிரல் எழுதி ஓட்ட உதவும் ஜூப்பிட்டர் நோட்புக்கைத் திறந்து நிரல் ஓட்டுவது. சிலியில் உள்ள வேரா ரூபின் வானாய்வகத்தில் ஓர் இரவுக்கு 20 டெராபைட் அளவில் தரவு சேரும். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அதை இறக்கத் தொடங்கினால் ஓர் இரவின் தரவுக்கே பதினெட்டு நாள் ஆகிவிடும். அதனால் அவர்கள் தளத்தை முதலிலிருந்தே இப்படித்தான் அமைத்தார்கள்: பார்க்க ஒரு முகப்பு, நிரல் எழுத நோட்புக், வெளியிலிருந்து கேட்க டேப் உள்ளிட்ட சேவைகள். அமெரிக்காவின் ஆஸ்ட்ரோ டேட்டா லேப், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சைசர்வர், கனடாவின் கேன்ஃபார் எல்லாம் இதே குடும்பம்.

கார்த்திகை வேலைக்கு இது தேவையே இல்லை. அந்தப் பதில் ஒரு மின்னஞ்சல் இணைப்புக்குள் அடங்கிவிடும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்: பால்வீதி முழுவதும் இதுபோல் ஒன்றாக நகர்கிற, இன்னும் யாரும் கண்டுபிடிக்காத கூட்டங்களைத் தேட வேண்டும். இப்போது 180 கோடி வரிகளையும் தொட வேண்டும். அதற்கு டேப் வழியாகத் துண்டு துண்டாக இறக்குவது நேர விரயம், தரவு மையத்துக்கும் தொல்லை.

இந்த வழியைத் தேர்கிறவர்களுக்கு ஒரே அறிவுரை: பிறர் நடத்துகிற தளத்தில் கணக்குத் தொடங்குங்கள், சொந்தமாகத் தளம் அமைக்காதீர்கள். பலருக்கும் நோட்புக் தருகிற ஜூப்பிட்டர்ஹப்பை ஒரு வாரத்தில் நிறுவிவிடலாம்தான். அப்புறம் பயனர் கணக்கு, பாதுகாப்புத் திருத்தம், நிரம்பி வழிகிற டிஸ்க், ஒருவர் ஓட்டிய நிரல் எல்லோருடைய நினைவகத்தையும் விழுங்குவது என்று அந்த ஒரு மென்பொருள் ஆளின் இரண்டு வருடமும் அதிலேயே கரைந்துபோகும். வானியலாளரோடு உட்கார அவருக்கு நேரமே இருக்காது. தரவு உரிமையையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ரூபினின் தரவு வெளியீடுகள் இரண்டு வருடத்துக்கு உரிமை பெற்றவர்களுக்கு மட்டும்தான். அதன் பிறகே பொதுவில் வரும்.

போர்ட்டல்

நான்காவது, முதலில் எல்லோருக்கும் தோன்றுகிற வழி. பெயரைக் கொடுத்தால் விண்மீன்கள் வரும், பொத்தானை அழுத்தினால் வரைபடம் வரும். திட்ட அறிக்கையில் படம் போட்டுக் காட்ட நன்றாக இருக்கும், நிதி கொடுத்தவர்களும் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அந்த ஆசையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் மெய்நிகர் வானாய்வகத்தின் இருபதுக்கும் மேற்பட்ட வருட வரலாறு இந்த வழிக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

அமெரிக்காவில் 2001-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஒரு கோடி டாலர் நிதியோடு முதல் மெய்நிகர் வானாய்வகத் திட்டம் தொடங்கியது. பிரிட்டனில் அதே வருடம் ஆஸ்ட்ரோகிரிட். இரண்டிலும் திறமையானவர்கள் வேலை செய்தார்கள். நிதி முடிந்ததும் ஆஸ்ட்ரோகிரிட்டின் டெஸ்க்டாப் மென்பொருளுடைய வளர்ச்சியும் நின்றுபோனது. புனேயில் உருவான விஓபிளாட் நன்றாக இருந்ததால்தான் ஸ்ட்ராஸ்பூர்க்கின் விசியர் என்ற அட்டவணைச் சேவைக்குள்ளேயே அதைச் சேர்த்துக்கொண்டார்கள். பிரவுசருக்குள் ஜாவா ஆப்லெட் என்ற குட்டி நிரலாக ஓடியது. 2015 வாக்கில் பிரவுசர்கள் ஆப்லெட்டுகளைக் கைவிட்டன, அந்த வாசல் அடைபட்டது. கருவியில் குறை ஒன்றும் இல்லை; அது நின்றிருந்த தரை நகர்ந்துவிட்டது. அதே காலத்தில் டேப், விஓடேபிள், சாம்ப் என்ற விதிகள் அப்படியே நிற்கின்றன. டாப்கேட்டும், அது பிறந்த பிரிட்டனின் பழைய ஸ்டார்லிங்க் மென்பொருள் திட்டம் 2005-இல் மூடப்பட்ட பிறகும், திட்டம் மாறித் திட்டம் ஏறி இன்றுவரை வளர்கிறது. இரண்டு வருட நிதியில் கட்டப்படும் போர்ட்டலுக்கு மூன்றாவது வருடம் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் இல்லாத குழு அதைத் தொடங்கவே கூடாது.

இன்னொரு ஆபத்து இதைவிட அமைதியானது. போர்ட்டல் கட்டுகிறவர் வசதிக்காகத் தூரம் என்று ஒரு நெடுவரிசையைச் சேர்ப்பார்: ஆயிரத்தை இடமாறு கோணத்தால் வகுத்தால் பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தூரம் வந்துவிடும். கார்த்திகைக்கு அது சரி, அளவீட்டுப் பிழை மிகச் சின்னது. மங்கலான, வெகுதொலைவு விண்மீன்களுக்குக் கையாவின் இடமாறு கோணம் எதிர்மறை எண்ணாகவும் வரும். அது தவறு அல்ல. பிழை அளவைவிட உண்மை மதிப்பு சின்னதாக இருக்கும்போது இயல்பாக வருவது. நிரலாளர் அதைக் குப்பை என்று நினைத்து நீக்கிவிட்டால், மிச்சம் இருக்கிற விண்மீன்கள் எல்லாம் சராசரியில் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடுகின்றன. பொத்தானை அழுத்துகிற மாணவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரிய வழியே இல்லை. அதே வகுத்தலைத் தானே நிரலில் எழுதியிருந்தால், எதிர்மறைத் தூரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு யாரிடமாவது கேட்டிருப்பார்.

வெற்றி பெற்ற போர்ட்டல்கள் இல்லாமல் இல்லை. ஸ்லோன் வான் அளக்கையின் ஸ்கைசர்வர் 2001-இல் வந்து இன்றும் பயன்படுகிறது. கணினி அறிஞர் ஜிம் கிரேயும் வானியலாளர் அலெக்ஸ் சலாயும் அதை வடிவமைத்தபோது, வானியலாளர்கள் உண்மையில் கேட்க விரும்புகிற 20 கேள்விகளை முதலில் எழுதிக்கொண்டு, அந்த இருபதுக்கும் பதில் வருகிற மாதிரி தரவுத்தளத்தைக் கட்டினார்கள். பின்னால் ஒரு பெரிய அளக்கையின் நீண்டகாலக் குழுவும் இருந்தது. சிறிய குழுவுக்கு அந்த ஆள்பலம் வராது. ஆனால் 20 கேள்விகள் என்ற முறைக்குச் செலவே இல்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் அதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு பக்கம் வேண்டவே வேண்டும் என்றால், பிரவுசருக்குள் ஓடும் அலாடின் லைட்டை ஒரு சாதாரண வலைப்பக்கத்தில் பதித்து உங்கள் முடிவு அட்டவணையை அதன் மேல் காட்டுங்கள். ஒரு நாள் வேலை.

சொந்தத் தரவு இருந்தால்

மேலே சொன்னது எல்லாம் பிறர் தரவை எடுத்து ஆராய்கிற குழுவுக்கு. குழுவிடம் சொந்தத் தரவு இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஜவ்வாது மலையில் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் எடுத்த நிறமாலைகள் ஒரு மாணவரின் வன்தட்டில் கிடக்கலாம். அந்த மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு அந்த வன்தட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. இதுபோன்ற தரவை உலகத்துக்குத் திறந்துவிடுவதும் கருவி கட்ட உதவுவதுதான்; மற்றவர்களுடைய நிரல்கள் வந்து கேட்க முடிந்தால்தான் அது மெய்நிகர் வானாய்வகத்தின் பகுதி ஆகிறது.

இங்கே சர்வருக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஜெர்மனியின் மெய்நிகர் வானாய்வகக் குழுவான காவோ ஹைடெல்பெர்க்கில் உருவாக்கிய டாக்ஸ் என்ற மென்பொருளை டெபியன் லினக்ஸில் நிறுவி, உங்கள் தரவை விவரிக்கிற ஒரு கோப்பை எழுதினால், அதே விவரிப்பிலிருந்து கோன் சர்ச், டேப், படச் சேவை, நிறமாலைச் சேவை எல்லாம் கிடைக்கின்றன. மெய்நிகர் வானாய்வகத்தின் சேவைப் பதிவேட்டில் சேர்த்துவிட்டால் எங்கோ இருக்கிற ஒருவருடைய டாப்கேட்டில் உங்கள் சேவையும் தேடலில் வந்து நிற்கும். கடினமான பகுதி நிறுவுவதில் இல்லை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அலகு என்ன, அது எந்த அளவு, நேரம் எந்தக் கணக்கில் என்று எழுதுவதில்தான் நாள் போகும். அதற்குத் தரவை எடுத்தவர் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும். சூரியத் தரவு என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படத் தகடுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் எண்மமாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட தொகுப்பில் வான ஆயத்தைச் சுற்றித் தேடும் கோன் சர்ச்சுக்குப் பொருளே இல்லை, சூரியன் வானத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாளையும் நேரத்தையும் வைத்துத் தேடும் சேவைதான் அங்கே வேண்டும்.

பணத்தை எங்கே போடுவது

என் பரிந்துரையைச் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் ஆளின் நேரத்தில் பெரும்பகுதியை இரண்டாவது வழிக்குக் கொடுங்கள். முதல் மாதம் எல்லோரும் டாப்கேட், அலாடின் கற்றுக்கொள்ளட்டும், பேராசிரியர்களும் சேர்த்து. அதே மாதத்தில் குழு உட்கார்ந்து தங்கள் 20 கேள்விகளை எழுதட்டும். அதன் பிறகு மென்பொருள் ஆள் வாரத்தில் இரண்டு நாள் ஆராய்ச்சியாளர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, அவர்கள் எழுதுகிற நிரலை அவர்கள் கையாலேயே எழுத வைத்து, பொதுவாகத் திரும்பத் திரும்ப வருகிற பகுதிகளைச் சோதனையோடு ஒரு சின்ன நூலகமாகச் சேர்த்துவர வேண்டும். வெட்டப்பட்ட பதிலைப் பிடிக்கிற சோதனை, வருடத்தை மாற்றிப் பொருத்துகிற செயல்கூறு, எதிர்மறை இடமாறு கோணத்தைக் கண்டால் குரல் கொடுக்கிற வரி. இரண்டு வருட முடிவில் அது ஆயிரம் வரிகூட இருக்காது. ஆனால் அதில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று குழுவில் குறைந்தது மூன்று பேருக்குத் தெரியும்; அந்த ஆள் வேறு வேலைக்குப் போன பிறகும் அது ஓடும்.

பயிலரங்கு மட்டும் நடத்தினால் போதாதா என்று கேட்பார்கள். பயிலரங்கு நல்லது. 2004-இல் அமெரிக்கத் திட்டம் கொலராடோவின் ஆஸ்பெனில் நடத்திய கோடைப் பள்ளியில் வானியலாளர்களையும் நிரலாளர்களையும் கலந்து உட்காரவைத்து, பாடம் முடிந்ததும் சின்னச் சின்ன அணிகளாக ஒரு சொந்த ஆய்வைச் செய்யச் சொன்னார்கள். பின்னாலும் பலமுறை அதை நடத்தினார்கள். பாடத்தைவிட அந்த அணி வேலைதான் பலன் தருவது. ஆனால் ஊருக்குத் திரும்பி மூன்றாவது வாரம் முதல் பிழைச் செய்தி வருகிறபோது பக்கத்தில் கேட்க ஆள் இல்லை என்றால் பழைய முறைக்கே போய்விடுவார்கள். அதனால் ஒரு பயிலரங்குக்கு ஆகும் செலவும் ஓர் ஆளின் சில மாதச் சம்பளமும் தராசில் வந்தால், நான் ஆளின் பக்கம்தான்.

ஆளே கிடைக்கவில்லை என்றால்? பல கல்லூரிகளில் நிலைமை அதுதான், நிதி வரும்போது ஆள் எடுக்க அனுமதி வராது. அப்போது முதல் வழியோடு நில்லுங்கள். டாப்கேட்டில் செய்த ஒவ்வொரு தேர்வுக்கும் ஸ்டில்ட்ஸ் கட்டளையைச் சேமிக்கிற பழக்கத்தை மட்டும் கட்டாயமாக்குங்கள். அதை வைத்தே நல்ல கட்டுரைகள் எழுதலாம்.

இந்த வரிசையை நான் தலைகீழாக மாற்றுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: குழுவின் 20 கேள்விகளில் பாதிக்கு மேல், தொகுப்பு முழுவதையும் தொட்டால்தான் பதில் வரும் என்கிற வகையாக இருந்தால். ரூபின் போன்ற அளக்கையில் ஒளி மாறுகிற பொருள்களைத் தேடுகிறவர்கள், வானம் முழுவதும் புதுக் கூட்டங்களைத் தேடுகிறவர்கள் அந்த வகை. அவர்கள் முதல் நாளிலிருந்தே மூன்றாவது வழிக்குப் போக வேண்டும். நிரல் எழுதும் முறை அப்போதும் இரண்டாவது வழியில் சொன்னதுதான், ஓடுகிற இடம் மட்டும் வேறு. அவர்களுக்குச் சொந்த சர்வர் எதற்கும் உதவாது. நிதி விதிகள் இடம் கொடுத்தால் அந்தப் பணத்தையும் சம்பளத் தலைப்புக்கு மாற்றி, மென்பொருள் ஆளை இன்னும் சில மாதம் வைத்துக்கொள்ளட்டும்.